பின்சீட்டு இல்லாத வண்டி

எனக்கு எந்த வண்டியின் மீதும் மரியாதை கிடையாது. ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டாவது அடித்தளத்தில் இருபது வருடமாக வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்துகிறவனுக்கு வண்டி என்றால் நீளம், அகலம், உயரம், அவ்வளவுதான். தெருவில் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் சரிவில் இறங்கி என் மஞ்சள் கோட்டுக்குள் வந்து நின்றுவிட்டால் அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் தகரம். இதைச் சொன்னால் டிரைவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான்காவது மாடித் தராசுக் கம்பெனிக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தோம். பதினேழு, பதினெட்டு. பதினேழில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பதினெட்டில் கடைசி இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு புது எஸ்யூவி. இரண்டையும் ஓட்டியவர் ஒரே ஆள். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் வண்டிகளைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

முதலில் பழையது. கரும்பச்சை நிறம், கான்வாஸ் துணிக் கூரை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்து லாரியின் சக்கரம் காதுக்கு நேராக இருக்கும். இரண்டே சீட்டு. அதற்குப் பின்னால் ஒரு கைப்பை நுழையும் அளவுக்குப் பொந்து, அதோடு வண்டி முடிந்தது. ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது. எஞ்சின் சூடு நேராகப் பாதத்துக்கு வரும். மழை பெய்தால் கூரைத் தையல் வழியாக ஓட்டுகிறவரின் வலது முழங்காலில் மட்டும் சொட்டும், வேறெங்கும் சொட்டாது. நின்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழுக்கும். நான் அட்டை போட்டுப் பார்த்தேன், மரத்தூள் கொட்டிப் பார்த்தேன், கடைசியில் ஒரு தகரத் தட்டை அடியில் தள்ளிவைத்தேன். தட்டுக்கு இரண்டு விரல் தள்ளி ஒழுக்கியது. எனக்கும் அந்தக் காருக்கும் ஏழாம் பொருத்தம்.

புதியது வெள்ளை. ஏறுவதற்கே படி வைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் பட்டென்று நின்றுவிடும். முன்னால் பெரிய திரை, நான்கு பக்கமும் கேமரா, தூண் ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும்போதே ஊரைக் கூட்டுகிற மாதிரி ஓர் அலறல். முன்சீட்டுக்கு ஒரு குளிர், பின்சீட்டுக்கு ஒரு குளிர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்த்தால் போட்டியே இல்லை. முதுகெலும்பு உள்ள எவனும் புது வண்டியைத்தான் எடுப்பான். ஓட்டியவரே பழையதைப் பற்றி, "அது வண்டி இல்லய்யா, தண்டனை" என்றுதான் சொல்வார்.

அவருக்கு எங்கள் தளத்தில் ‘ரெண்டு சீட்டு’ என்று பெயர். வைத்தவன் நான்தான். புதிதாக வருகிற டிரைவர்கள் அவரைச் சீட்டாட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு, "கட்டு இருக்கா, ஒரு கை போடலாமா?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்காமல், "ரெண்டே சீட்டுதான் இருக்கு, வெச்சு என்ன ஆடறது?" என்பார். ஏறக்குறைய ஆறடி உயரம், அடர்ந்த மீசை. அந்தக் காருக்குள் மடக்குக் கத்தி மாதிரி மடங்கித்தான் உட்காருவார். இறங்கும்போது முதலில் ஒரு கால் வரும், அப்புறம் ஒரு முனகல் வரும், அப்புறம்தான் ஆள் வருவார்.

இளவயதில் தண்ணீர் லாரி ஓட்டியவர். அதன்பின் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட வேன். முப்பத்திரண்டு பிள்ளைகளின் கத்தலில் என் காது பாதி போச்சு என்று குறைபட்டுக்கொள்வார், ஆனால் அந்த முப்பத்திரண்டு பேரும் எந்தெந்த ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள் என்பதை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று தடவை மருத்துவமனை என்று ஆனபோது பள்ளிக்கூட நேரம் ஒத்துவரவில்லை. வேனை விட்டுவிட்டுத் தராசுக் கம்பெனிக்கு வந்தார். வந்த மூன்றாம் வருடம் மனைவி போய்விட்டார். அதன்பின் ஒரு மொட்டைமாடி அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. நான் ஒருமுறை போயிருக்கிறேன். வந்தவனை உட்காரவைக்க நாற்காலி இல்லாமல் கட்டிலின் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மனிதர் நின்றுகொண்டே பேசினார்.

தராசுக் கம்பெனி முதலாளி அந்தக் காரை வாலிபத்தில் வாங்கியவர். அறுபதை நெருங்கும்போது கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களில் மங்கிக்கொண்டே வந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் காரைத் தலைமுழுகியிருப்பார்கள். இவர் டிரைவர் வைத்தார். ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரைவர் வைத்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின்சீட்டு இல்லாததால் முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாக வேண்டும்.

முதல் மாதம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் முதலாளிக்குக் கை அரித்தது. கண்தானே போயிற்று, காது இருக்கிறதே என்று எஞ்சின் சத்தத்தை வைத்துக் கியர் சொல்ல ஆரம்பித்தார்.

"இப்ப மாத்து. யோவ், இப்ப மாத்துய்யா! கியர் பொட்டி அழுவுது பாரு."

"வண்டிய நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா சார்?"

"நீ சக்கரத்தைத் திருப்பற. நான்தான் ஓட்டறேன்."

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு பதினோரு வருடம் நிற்கவில்லை. அந்தக் காரில் மெதுவாகப் பேச முடியாது, எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டும். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் மாதிரி கத்திக்கொண்டே சரிவில் இறங்குவார்கள். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அன்றைய சமாச்சாரம் என் காதில் விழுந்துவிடும். மனைவி இறந்தபின் ரெண்டு சீட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முதலாளி ஆபீசுக்குப் போகாமல் சும்மா ஊரைச் சுற்றச் சொன்னாராம். மதியம் வரை சுற்றியிருக்கிறார்கள். "அழுதுக்கிட்டே ஓட்டாதடா. ஓரமா நிறுத்திட்டு அழு, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது ரெண்டு சீட்டு அடியில் இருந்த தகரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு ஒரே மகள். கம்பெனியிலேயே பெரிய பொறுப்பில் இருந்தவர். பச்சைக் குழந்தைகளை எடை போட மருத்துவமனைகளுக்கு விற்ற ஒரு தராசு எடையைக் குறைத்துக் காட்டுகிறது, விற்றதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்று அவர் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். பதினான்கு பேர் இருந்த அறை. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இது உன் வெளையாட்டுச் சாமான் இல்ல, வெளிய போ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மகள் எழுந்து போனார். அறையை விட்டு மட்டும் போகவில்லை, ஊரை விட்டே போய் வேறொரு நகரத்தில் வேலை தேடிக்கொண்டார். ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

மகள் போன மறுமாதமே அப்பா அந்தத் தராசைச் சோதித்துப் பார்த்தார். நூற்று இருபது கிராம் குறைத்துக் காட்டியது. சத்தம் போடாமல் அத்தனையையும் திரும்ப வாங்கிவிட்டார். ஆனால் மகளைக் கூப்பிட்டு ‘நீ சொன்னதுதான் சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தொழிலாளிகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், ஒருமுறை எண்ணெய்க்காக என்னிடம்கூடக் கேட்டிருக்கிறார். பெற்ற பெண்ணிடம் முடியவில்லை.

அதனால் காரில் ஒத்திகை பார்த்தார். ரெண்டு சீட்டுதான் மகள்.

"நான் ஃபோன் பண்றேன். நீ எடுக்கற. சொல்லு, ஹலோ."

"ஹலோ. சொல்லுங்கப்பா."

"எடுத்த உடனே அப்பான்னு சொல்ல மாட்டாடா அவ. ‘யாரு’ன்னு கேப்பா. நம்பர் தெரிஞ்சாலும் கேப்பா."

"சரி. யாரு?"

இப்படியே ஆறு வருடம். ரெண்டு சீட்டு இளகிய மனசுக்காரர். அப்பா இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், "சரிப்பா, விடுங்கப்பா" என்று விட்டுவிடுவார். முதலாளிக்குக் கோபம் பொங்கும். "அவ அவ்வளவு சீக்கிரம் விட மாட்டாடா! என் பொண்ணு. நல்லாத் திட்டு, அப்பதான் எனக்குப் பேச்சு வரும்" என்பார். அதற்காக இவர் யோசித்து யோசித்துத் திட்டுவாராம். மெதுவாகப் பேச முடியாத கார் என்று சொன்னேன் அல்லவா? ஒருமுறை சிக்னலில் நின்றபோது, "என்னை மன்னிச்சிடும்மா!" என்று முதலாளி தொண்டை கிழியக் கத்த, பக்கத்தில் பைக்கில் நின்றவன் மீசைக்கார டிரைவரையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்தும் போகாமல் நின்றிருக்கிறான்.

ஃபோனை மட்டும் முதலாளி கடைசிவரை எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் படுக்கையிலேயே போய்விட்டார். மகள் வந்தார். கம்பெனியை எடுத்துக்கொண்டார். எஸ்யூவி வாங்கினார். பழைய காருக்கு ஓர் உறையைப் போட்டுப் பதினேழாம் எண்ணிலேயே விட்டுவைத்தார். ரெண்டு சீட்டையும் வேலையில் வைத்துக்கொண்டார்.

இவருக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். மகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு முழுக்க இவர் காதில் இறங்கியிருந்தது. சொன்னவர் இல்லை, இவரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

"இன்னிக்குச் சொல்லிட்டியா?" என்று நான் தினமும் கேட்பேன்.

"எங்கய்யா சொல்றது? அவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க."

"பின்னாடி உக்காந்தா காது கேக்காதா?"

"உனக்குப் புரியாது. பக்கத்துல உக்காந்தாதான் வாய் தன்னால வரும். பின்னாடி இருக்கறவங்ககிட்ட நாமளா ஆரம்பிச்சா அது விண்ணப்பம் குடுக்கற மாதிரி ஆயிடுது."

முதல் நாளே கோளாறு. பதினோரு வருடப் பழக்கத்தில் இவர் ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டார். மகள் ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டு, பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பின்சீட்டு என்று ஒன்று இருந்தால் யாராக இருந்தாலும் அங்கேதான் உட்காருவார்கள். ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார், ‘நீங்க’ என்றுதான் பேசுவார். அப்பா ‘டா’ போட்டுப் பேசியவர். ரெண்டு சீட்டுக்கு இந்த மரியாதை புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

அடுத்த கோளாறு ஃபோன். மகள் காதில் பொத்தான் மாதிரி எதையோ வைத்துக்கொண்டு பேசுவார். முடி மறைப்பதால் வெளியே தெரியாது. நம் பேச்சில் யாரைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டா கேட்கிறோம்? ‘சாப்டாச்சா’ என்றால் அது உலகத்தில் எல்லோருக்கும் பொருந்தும்.

"சாப்டாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆச்சும்மா" என்றார் இவர், மனம் நிறைந்து.

"முதுகு வலி இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா. நேத்து ஒத்தடம் குடுத்தேன்."

பிறகு, "அண்ணா, நான் ஃபோன்ல பேசறேன்" என்றார் மகள், தணிவாக.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான்கைந்து முறை இப்படியே ஆயிற்று. உச்சம் என்னவென்றால், ஒருநாள் அவர் யாரோ தோழியிடம், "என்னை மறந்தே போயிட்டீங்கல்ல?" என்று கேட்க, இவர் பதறிப்போய், "ஐயோ, எப்படிம்மா மறப்பேன்!" என்றிருக்கிறார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, மேடம் பேசும்போது குறுக்கே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் அன்று என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ‘அண்ணா’ என்று முதலில் வந்தால்தான் அது தனக்கு. வராவிட்டால் இடி விழுந்தாலும் திரும்புவதில்லை.

சட்டத்தை நன்றாகவே காப்பாற்றினார். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். "அண்ணா, லெஃப்ட்ல." "அண்ணா, ஏசி கொஞ்சம் கம்மி." மிச்ச நேரமெல்லாம் அந்த வண்டிக்குள் இவரோடு பேசுவது வழி சொல்லும் பெண்குரல் ஒன்றுதான். இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்று அது சொல்லும். பதினோரு வருடம் போன அதே பாதை. ஆனாலும் அதை நிறுத்திவைக்க மனம் வரவில்லை என்றார். எனக்கு ஏதாவது கேலியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. மனிதர் நம் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டிருந்தார்.

மகளையும் நான் கவனித்திருக்கிறேன். சில மாலைகளில் லிஃப்டிலிருந்து இறங்கி எஸ்யூவிக்கு வரும் வழியில் பதினேழாம் எண்ணில் நின்று, உறையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். சீட்டுகளைத்தான் பார்ப்பார். பிறகு உறையை இழுத்துவிட்டுப் போய்விடுவார். விற்கச் சொல்லி மேனேஜர் இரண்டு தடவை கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. எஸ்யூவி பதினெட்டில் வந்து நின்றது, மகள் இறங்கினார், லிஃப்டுக்குப் போகுமுன் திரும்பி ஏதோ சொன்னார், ரெண்டு சீட்டு உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. கையில் மேடத்தின் ஃபோன்.

"என்னய்யா ஆச்சு?"

"வரும்போது சிக்னல்ல நிக்கறோம். பின்னாடி இருந்து கேக்கறாங்க. ‘அப்பா என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொல்லிருக்காரா?’ன்னு."

"அடடே! சொன்னியா?"

"அண்ணான்னு சொல்லலய்யா. கண்ணாடியில பாக்கறேன், ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருக்காங்க. ஃபோன்ல அவங்க அத்தைகிட்டப் பேசறாங்கன்னு நெனச்சுட்டேன். நேரா ரோட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு ‘சரி, விடுங்க’ன்னாங்க. அதுவும் ஃபோன்லன்னு..." கையிலிருந்த ஃபோனை எனக்குக் காட்டினார். "இறங்கும்போது சொல்றாங்க, அண்ணா, ஃபோனை வீட்டுலயே விட்டுட்டேன், போய் எடுத்துட்டு வந்துடறீங்களான்னு."

நாற்பது நிமிடமும் அந்தப் பெண்ணிடம் ஃபோனே இல்லை. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்திருக்கிறார்கள். அவர் கேட்டிருக்கிறார். இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"இப்பவே மேல போ. ஃபோனைக் குடுக்கற சாக்குல சொல்லு" என்று விரட்டினேன். போனார். மூன்றே நிமிடத்தில் திரும்பி வந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"உன்னைச் செருப்பால அடிக்கணும்யா" என்றேன்.

"அதுல ஒண்ணு இருக்குய்யா. உனக்குத் தெரியாது" என்றார். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.

புதன்கிழமை மேனேஜர் இறங்கி வந்து, பழைய காரை விற்றாயிற்று, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போக ஆள் வருவார்கள், வழி விட்டுவை என்றார். மேடமே சொல்லிவிட்டார்களாம், இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று. எனக்கு விளங்கிவிட்டது. சொல்லியிருக்காரா என்று கேட்டார், இல்லை என்று பதில் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வண்டியைத் தூக்கிப்போகும் தட்டை லாரி வந்து சரிவின் அடியில் நின்றது. உறையைக் கழற்றினார்கள். மேடம் காகிதத்தில் கையெழுத்துப் போட இறங்கி வந்தார். ரெண்டு சீட்டு தூணோரம் சாவியோடு நின்றார். கையெழுத்து முடிந்தது. சாவியைக் கொடுத்தார். மேடம் வாங்கி லாரிக்காரனிடம் கொடுத்தார். இவர் இப்போதும் வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எனக்கு எப்போதும் இருக்கிற வியாதி அது.

"மேடம், திங்கட்கிழமை நீங்க கேட்டது ஃபோன்லன்னு நெனச்சுட்டாரு இவரு. உங்கப்பா சொன்னது எல்லாம் இவர்கிட்ட இருக்கு" என்றேன்.

மேடம் பேனாவை மூடாமல் நின்றார். "அண்ணா?" என்றார்.

அண்ணா என்று வந்துவிட்டது. இனி ஓடி ஒளிய முடியாது. ரெண்டு சீட்டு நேராக நின்றார். காரில் நடந்த ஒத்திகையை மூச்சு வாங்க இரண்டு வாக்கியத்தில் சொன்னார். பிறகு அந்தப் பேச்சைச் சொல்லத் தொடங்கினார். அதைக் கத்தலாகவே கேட்டுப் பழகியவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை போலும். கத்தினார். தளம் முழுக்க எதிரொலித்தது.

"நீ சொன்னதுதாம்மா சரி! நூத்தி இருபது கிராம் குறைவாத்தான் காட்டுச்சு! பதினாலு பேர் முன்னாடி உன்னை வெளிய போன்னு சொன்னேன்! அதே பதினாலு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, என் பொண்ணு சொன்னதுதான் சரின்னு சொல்றேன்! திரும்பி வாம்மா!"

லாரிக்காரன் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டான். நான் விலகிப் போயிருக்க வேண்டும். அவ்வளவு நாகரிகம் எனக்குப் போதாது. மேடத்தின் முகத்தில் ஏழெட்டு வருடத்துப் பாரம் இறங்குவதைப் பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"எத்தனை தடவை இப்படிச் சொல்லிப் பாத்தாரு?"

"கணக்கே இல்லம்மா."

"நீங்கதான் நானா?"

"ஆமாம்மா."

"நான் என்ன சொன்னேன்?"

ரெண்டு சீட்டு தரையைப் பார்த்தார். "திட்டினீங்கம்மா. நல்லாத் திட்டினீங்க."

"கடைசியில?"

அவர் தூணில் உரிந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"கடைசியில நான் என்ன சொன்னேன் அண்ணா?"

"போறதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒருநாள் அழுதுட்டாரும்மா. வண்டியிலயே. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. என்னால திட்ட முடியல. ‘சரிப்பா, மன்னிச்சுட்டேன், நான் வந்துடறேன்பா’ன்னு... சொன்னீங்கம்மா."

"நான் அவ்வளவு சீக்கிரம் விட மாட்டேன்னு அவருக்குத் தெரியுமே."

"அன்னிக்கு நம்பிட்டாரும்மா. என் கையைப் புடிச்சுக்கிட்டு, இப்பதான் நிம்மதியா இருக்குடான்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

"ஃபோன் பண்ணணும்னு?"

"சொல்லலம்மா."

எனக்கே அப்போதுதான் விளங்கியது, அவர் மறைத்துவைத்திருந்த அந்த ஒன்று எது என்று. அந்த மனிதர் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டு, கிடைக்க வேண்டிய மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு, மனம் ஆறி, போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பெண்ணின் ஃபோன் மட்டும் கடைசிவரை அடிக்கவில்லை.

மேடம் பேனாவை மூடினார். அது சரியாக மூடவில்லை, இரண்டாம் முறை அழுத்தி மூடினார். "யாரைக் கேட்டு மன்னிச்சீங்க?" என்றார். குரல் ஏறவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. எஸ்யூவியில் ஓட்டுநர் கதவைத் திறந்து தானே ஏறினார். ஆறடி ஆளுக்கு வைத்திருந்த சீட்டு. பொத்தானை அழுத்தியதும் அது மெதுவாக, மிக மெதுவாக முன்னால் நகர்ந்தது. அது நகர்ந்து முடியும்வரை நாங்கள் மூன்று ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். வண்டி சத்தமில்லாமல் சரிவில் ஏறிப் போயிற்று. அதன் பின்னால் பழைய கார், லாரியின் முதுகில், எண்ணெய் ஒழுக்கிக்கொண்டே போனது.

வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். போகவில்லை. திங்கட்கிழமை வழக்கம் போல வந்தார்கள், மேடம் பின்சீட்டில், இவர் முன்சீட்டில். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. திட்டவில்லை, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை, மரியாதையும் குறையவில்லை. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். பதினேழாம் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவரிடம் சொல்லவும் செய்தேன். பரவாயில்லை என்றார். முந்தாநாள் மாலை, லிஃப்ட் வருவதற்குக் காத்திருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மேடம் பேசறாங்களா?"

"பேசறாங்களே. லெஃப்ட்டு, ரைட்டுன்னு."

"வேற வேலை பாத்துக்கயேன்யா. அந்த ஸ்கூல் வேனுக்கே ஆள் கேக்கறாங்க. ஏன் இப்படி உக்காந்து உக்காந்து சாவற?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான் போயிட்டா அவங்களுக்கு அப்பா எங்கய்யா இருக்காரு? பதினோரு வருஷப் பேச்சு என்கிட்டல்ல இருக்கு. மன்னிப்பு மட்டுமா பேசினாரு? அவங்க முதல்ல நடந்தது, பல்லு விழுந்தது, சைக்கிள் கத்துக்கிட்டது, எல்லாம் பேசிருக்காரு. என் மேல கோவம் தீர்ந்து என்னிக்காவது கேட்டாங்கன்னா, சொல்றதுக்கு ஆள் வேணாமா?"

லிஃப்ட் திறந்தது. மேடம் காதில் கை வைத்து யாரிடமோ பேசிக்கொண்டே வந்து பின்கதவைத் திறந்து ஏறினார். அவர் போய் முன்னால் உட்கார்ந்தார். நான் தூணைப் பார்த்து வண்டியைப் பின்னால் வாங்கச் சொல்லிக் கை காட்டினேன்.